போர்வெல் தண்ணீரிலும் ஐப்பசி மழையிலும் துணி டயப்பர்: இரண்டு பிள்ளை வளர்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் டயப்பர் துவைப்பது என் வேலை. பால் கொடுப்பது, ராத்திரி எழுந்து உட்காருவது எல்லாம் மனைவி தலையில் விழுந்தபோது இதையாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூத்தவள் பிறந்த சமயத்தில் சொன்னேன், இப்போது சின்னவன் தவழ்ந்து முடித்து நடக்கிறான், இன்னும் என் வேலைதான். அதனால் எந்த பிராண்டில் பூ டிசைன் அழகு, எதில் யானைப் படம் என்பதெல்லாம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எதில் கறை போகும், எது மறுநாளும் ஈரமாகவே தொங்கும் என்று நன்றாகத் தெரியும். யாராவது "எதை வாங்கலாம்?" என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது, துணி காயப்போட எங்கே இடம் இருக்கிறது.

கடையில் பெயர்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தாலும் சரக்கு நாலு வகைதான். முதலாவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் முக்கோணத் துணி, லங்கோடு. ஈரம் உடனே வெளியே வந்துவிடும். இரண்டாவது, தண்ணீர் கசியாத கவர் தனி, உள்ளே மடித்து வைக்கும் துணி தனி. மூன்றாவது பாக்கெட் டயப்பர்: வெளிப்பக்கம் கவர், உள்பக்கம் மெத்தென்ற துணி, நடுவில் பை மாதிரி இடைவெளி, அதற்குள் உறிஞ்சும் பட்டையைச் செருக வேண்டும். இன்செர்ட் என்பது அந்தப் பட்டைதான். நான்காவது எல்லாமே ஒன்றாகத் தைத்து வருவது. சூப்பர்பாட்டம்ஸ், பம்பாடம் என்று இப்போது நம் நாட்டு பிராண்டுகளே நிறைய இருக்கின்றன, எல்லாமே இந்த நாலில் ஒன்றாகவோ இரண்டின் கலவையாகவோதான் இருக்கும். கவருக்குப் பயன்படுவது பெரும்பாலும் பி.யு.எல். என்ற துணி, அதாவது பாலியஸ்டரில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. சூடு பட்டால் அந்தப் படலம் கழன்றுவிடும். கொதிநீரில் போடக்கூடாது, அயர்ன் பாக்ஸ் கிட்டேயே போகக்கூடாது.

பச்சைக் குழந்தைக்கு இதில் எதுவுமே வேண்டாம். "5 முதல் 17 கிலோ வரை ஒரே சைஸ்" என்று அட்டையில் போட்டிருப்பதை மூன்று கிலோக் குழந்தைக்கு மாட்டினால் பாதிக் குழந்தை டயப்பருக்குள் போய்விடும், தொடைப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்து ஒரு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். "மாப்பிள்ளை, தொப்புள் விழுற வரைக்கும் அந்தப் பட்டன் வச்சதையெல்லாம் மாட்டாதீங்க, காத்து படட்டும்" என்றார். அப்படியே செய்தோம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் வேட்டித் துணி அலசினால் அரை நிமிடம், வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வயதில் மலம் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும் என்பதால் துவைப்பதும் பெரிய பாடு இல்லை. மஞ்சள் கறை மட்டும் எந்த சோப்புக்கும் மசியாது. அதற்கு மருந்து வெயில்தான். ஈரத்தோடு காலை எட்டு மணிக்குக் கறை மேல்பக்கம் வருகிற மாதிரி விரித்துப் போட்டுவிட்டு மதியம் போய்ப் பார்த்தால் இருந்த இடம் தெரியாது. முதல் தடவை நான் வேறு துணியை எடுத்துவிட்டோமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பாக்கெட் டயப்பருக்கு மாறியதும் வந்த முதல் பிரச்சினை தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காமல் குழந்தையைக் குளிப்பாட்டுவது கிடையாது, அதில் கொஞ்சம் இடுப்பு மடிப்பிலும் தொடையிலும் நின்றுவிடும். டயப்பரின் உள்துணி பாலியஸ்டர், அது எண்ணெயைப் பிடித்தால் விடாது. சில வாரத்தில் சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓரமாக வெளியே வரும். நாம் "டயப்பர் லீக் ஆகிறது, மட்டமான சரக்கு" என்று சொல்லுவோம். ஒரு ஸ்பூன் தண்ணீரை உள்துணி மேல் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்தான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில துளி விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நுரை முழுக்கப் போகும்வரை அலசினால் சரியாகிவிடும். துத்தநாகம் கலந்த ரேஷ் க்ரீம் இதைவிட மோசம், அது போடும் நாட்களில் குழந்தையின் தோலுக்கும் டயப்பருக்கும் நடுவே ஒரு வேட்டித் துண்டை விரித்துவிடுங்கள்.

இன்னொரு கசிவு, இடுப்பில் தூக்கி வைத்திருக்கும்போது வருவது. விலை குறைந்த செட்டில் வரும் இன்செர்ட் பெரும்பாலும் மைக்ரோஃபைபர், அதாவது மிக மெல்லிய செயற்கை இழையில் செய்த துணி. வேகமாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் உறிஞ்சியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிப் போய் மகளை இடுப்பில் வைத்திருந்தேன், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி, மூங்கில் நார்த் துணி, ஹெம்ப் என்ற செடியின் நார்த் துணி இவை மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளும். மைக்ரோஃபைபர் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம், அதை மேலேயும் மூங்கில் இன்செர்ட்டைக் கீழேயும் வைத்துப் பாக்கெட்டுக்குள் செருகுங்கள். தோலில் நேராகப் படும்படி மட்டும் மைக்ரோஃபைபரை வைக்காதீர்கள், ஈரப்பதத்தை எல்லாம் இழுத்துத் தோலை வறள வைத்துவிடும். புதுப் பருத்தி, ஹெம்ப் இன்செர்ட்டை வாங்கிய அன்றே மாட்டி "உறிஞ்சவே இல்லை" என்று புகார் சொல்லுவதிலும் அர்த்தம் இல்லை. நாரில் இருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசை போக ஐந்தாறு தடவையாவது துவைத்துக் காயவைக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். நாங்கள் இருப்பது சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம், அபார்ட்மெண்டில் வருவது போர்வெல் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாகப் படியும், ஷவர் ஓட்டை மாதம் ஒரு தடவை அடைத்துக்கொள்ளும், சோப்பு போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரிதிரியாக அழுக்கு மாதிரி ஒன்று வரும். மூத்தவளுக்கு ஆறேழு மாதம் ஆனபோது காலையில் டயப்பரை அவிழ்த்தால் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு அமோனியா நெடி. பவுடரை மாற்றினோம், வெந்நீர் வைத்தோம், அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒன்றும் எடுபடவில்லை. டயப்பர் தரமில்லை என்று வேறு பிராண்ட் வாங்கும் யோசனையில் இருந்தபோதுதான் மனைவியின் ஊரான திருநெல்வேலிக்குப் போய்ச் சில வாரம் இருந்தோம். அதே டயப்பர், அதே பவுடர், கையாலேயே துவைத்தது. மூன்றாவது நான்காவது துவைப்பிலேயே நெடி குறைந்து, ஊர் திரும்பும்போது சுத்தமாக இல்லை. தாமிரபரணித் தண்ணீரில் அந்தப் பவுடர் பொங்கிய நுரையைப் பார்த்தபிறகுதான் விஷயம் பிடிபட்டது. நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பவுடரின் பாதி வேலையை முதலிலேயே தின்றுவிடுகின்றன. மீதியில் துணி சரியாக வெளுப்பதில்லை, படிவு மட்டும் இன்செர்ட்டின் அடுக்குகளுக்குள் சேர்ந்துகொண்டே போகிறது. அதற்குள் தங்கிய கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. எட்டு அடுக்கு சேர்த்துத் தைத்த இன்செர்ட்டில் இது அதிகம், ஒற்றைத் துணியை மடித்து வைப்பதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. என் கணக்கில், போர் தண்ணீர் வீட்டுக்குக் கவரும் மடிக்கும் துணியும்தான் ஒத்துவரும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

திரும்பி வந்தபின் நான் பிடித்துக்கொண்ட முறை இது. ராத்திரி டயப்பரை மட்டும் காலையில் எழுந்த கையோடு குழாயடியில் காட்டி அலசிவிடுவேன். மலம் இருந்தால் டாய்லெட்டில் கைக்குழாயால் பீய்ச்சித் தள்ளிவிடுவேன். மற்றவை ஓட்டை வைத்த கூடையில் காற்றாடக் கிடக்கும், பக்கெட் தண்ணீரில் நாள் முழுக்க ஊறப்போடும் பழக்கத்தை விட்டாயிற்று, எலாஸ்டிக்குக்கும் கேடு நாற்றமும் கூடும். ஒரு நாளைக்கு மேல் தேக்குவதில்லை. மெஷினில் முதலில் ஒரு சின்ன ஓட்டம், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, 40 டிகிரியில் நீளமான ஓட்டம். பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன், இன்செர்ட் மட்டும் துவைக்கும்போது ஒரு ஸ்பூன் சலவை சோடா. கடைசியில் ஒரு அலசல் கூடுதலாக. வாசனைக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனர் கண்டிப்பாகக் கூடாது, அது துணி மேல் ஒரு பூச்சாகப் படிந்து உறிஞ்சுவதையே கெடுத்துவிடும். டெட்டால் ஊற்றும் வழக்கமும் வேண்டாம், நாள் முழுக்கக் குழந்தையின் தோலில் ஒட்டி இருக்கும் துணி அது. சந்தேகமாக இருந்தால் துவைத்த இன்செர்ட்டை வெறும் வெந்நீரில் போட்டு அலசிப் பாருங்கள், நுரை கிளம்பினால் பவுடர் உள்ளேயே தங்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. துவைக்க அருமையான தண்ணீர் வானத்திலிருந்தே வரும், பால்கனியில் டிரம் வைத்துப் பிடித்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்துவேன், ஆனால் காயாது. ஐப்பசி கார்த்திகையில் தடித்த மூங்கில் இன்செர்ட் இரண்டு நாள் தொங்கினாலும் நடுவில் ஈரம் கசகசவென்று இருக்கும், மூன்றாவது நாள் பூஞ்சை வாசம். கவர் எப்போதும் பிரச்சினை இல்லை, மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். வெயில் காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டயப்பர் போதும் என்றால் மழைக்காலத்துக்கு அதில் பாதி கூடுதலாக வேண்டும், அல்லது மடிக்கும் துணி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேறு கவலை: இன்செர்ட்டை நன்றாக வெயிலில் போடலாம், கவரை நிழலில்தான் போட வேண்டும்.

கவரைக் கொடியில் எப்படித் தொங்கவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். தொடைப்பக்க எலாஸ்டிக்கில் கிளிப் மாட்டி நீளவாக்கில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் முழுவதும் எலாஸ்டிக்கை இழுக்கும். குறுக்காக மடித்துப் போடுங்கள். அப்படிப் போட்டும் மூத்தவள் முடிக்கும்போது எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, வெளித்துணியோ புதிது போல இருந்தது. தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் தொடைமடிப்பின் இரண்டு முனையிலும் தையலைக் கொஞ்சம் பிரித்து, பழைய எலாஸ்டிக்கின் நுனியோடு புதியதை ஊக்கு குத்திச் சேர்த்து, இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் வாங்கி, முனைகளை மட்டும் தைத்துக் கொடுத்தார். நடுவில் ஊசி படவே இல்லை, பட்டால் அந்தத் துளை வழியாகக் கசியும் என்பது அவருக்கே தோன்றியிருந்தது. சின்னவன் இப்போது போடுவது அவைதான். பட்டன் வைத்ததில் ஒன்றுகூட உடையவில்லை. ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்த இரண்டு கவரும் முடியும் நூலும் சிக்கி ஒட்டாமல் போய்விட்டன, போதாக்குறைக்கு ஒரு வயதில் பிள்ளைகளே பர்ரென்று பிய்த்துக் கழற்றிவிடுகிறார்கள்.

ஒரு தடவை போட்டுத் தூக்கியெறியும் டிஸ்போசபிள் டயப்பரைத் தொடவே மாட்டோம் என்றெல்லாம் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போகும்போது, வயிற்றுப்போக்கு வந்து டாக்டர் க்ரீம் எழுதிக் கொடுத்த நாட்களில், அதுதான். மூத்தவளைச் சேர்த்த டேகேரில் துணி டயப்பரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அங்கேயும் அதுதான். துணி போட்டால் ரேஷே வராது என்று விற்பவர்கள் சொல்லுவதை நம்ப வேண்டாம், ஈரத்தோடு நாலு மணி நேரம் விட்டால் எதிலும் வரும். மடிப்புக்குள் நல்ல சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

காசு விஷயம். டிஸ்போசபிள் ஒன்று 10 ரூபாய், நாளைக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 1,500, இரண்டு வருடத்துக்கு 36,000. நல்ல பாக்கெட் டயப்பர் ஒன்று 700 ரூபாய் என்றால் பன்னிரண்டுக்கு 8,400, கூடுதல் இன்செர்ட்டுக்கு இன்னும் சில ஆயிரம், பிறகு பவுடர், கரண்ட், தண்ணீர். மிச்சம்தான், அதிலும் இரண்டாவது பிள்ளைக்கு வாங்கும் செலவே இல்லை. ஆனால் துவைக்க ஆள் வேண்டும், அந்த நேரத்துக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை. சுற்றுச்சூழல் கணக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை. 2008-ல் இங்கிலாந்தில் அரசுத் தரப்பில் செய்த ஆய்வில் கார்பன் அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை, கொடியில் காயவைத்து, மெஷின் நிறையத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால்தான் துணி தெளிவாக முந்துகிறது என்றார்கள். நல்லவேளை, அந்த மூன்றும் நம் வீடுகளில் தானாகவே நடக்கிறது. குப்பை வேறு விஷயம். பெருங்குடி குப்பைமேட்டின் காற்று எங்கள் பால்கனிக்கு அடிக்கும் நாட்களில் இதற்கு ஆய்வு எதுவும் எனக்குத் தேவைப்படுவதில்லை.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் ஆறு கவர், பருத்தி மடிப்புத் துணி இரண்டு டஜன், ராத்திரிக்கு மட்டும் தடித்த மூங்கில் இன்செர்ட்டோடு நாலு பாக்கெட் டயப்பர். அதுவும் ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கிக் குழந்தையின் தொடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகு. ஒல்லித் தொடைக்குச் சரியாக நிற்கும் கவர் குண்டுத் தொடையில் சிவப்புக் கோடு போடும். எலாஸ்டிக் தொடையின் நடுவில் நிற்காமல் ஜட்டி ஓரம் வரும் மடிப்புக்குள் உட்கார வேண்டும். பிறர் பயன்படுத்தியதை வாங்கினாலும் தப்பில்லை. கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை தெரிகிறதா பாருங்கள், எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள், உள்ளே படலம் குமிழ் குமிழாகக் கிளம்பியிருந்தால் வேண்டாம். இன்செர்ட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள், பழைய இன்செர்ட் எந்த வீட்டுத் தண்ணீரில் துவைத்தது என்று அதை விற்பவருக்கே நினைவிருக்காது.