வக்கீல் அறிமுகப் பக்கத்தில் உருப்படியான ஒரே வரி

"பன்னிரண்டு துறை போட்டிருக்கிறாரே, பாகப்பிரிவினை கேஸை இவரிடம் கொடுக்கலாமா?" என்று கேட்ட நண்பருக்கு.

அந்தத் துறைப் பட்டியலைத் தாண்டிப் போங்கள். வக்கீல் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது அது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 36 விளம்பரத்துக்குத் தடை. இன்ன வேலையில் நிபுணர் என்று பெயர்ப்பலகையில்கூடப் போடக் கூடாது. 2008 திருத்தம்தான் இணையதளத்தில் முகவரி, என்ரோல்மென்ட் விவரம், படிப்பு, துறைகள் என்று சிலதை மட்டும் அனுமதித்தது. பெருமை பேச வேறு இடமில்லாததால் எல்லாவற்றையும் துறை வரியிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டியது என்ரோல்மென்ட் எண், அதாவது பார் கவுன்சிலில் அவர் வக்கீலாகப் பதிந்த எண். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு நிலைத் தேடலில் நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்து, அட்வகேட் பிரிவில் மாநிலக் குறியீடு, எண், ஆண்டு மூன்றையும் கொடுங்கள். அவர் பெயரில் பதிவான கேஸ்கள் வரிசையாக விழும். வகைச் சுருக்கத்தைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். எம்.சி.ஓ.பி. என்றால் விபத்து இழப்பீடு, ஹெச்.எம்.ஓ.பி. இந்து திருமண மனு, ஓ.எஸ். அசல் வழக்கு, அதாவது பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்கு. பன்னிரண்டு துறைக்காரரின் பட்டியலில் எம்.சி.ஓ.பி.யைத் தவிர எதுவுமே இல்லாத வேடிக்கையும் நடக்கும்.

உங்களுக்கு ஓ.எஸ். மட்டும் போதாது. பாகப்பிரிவினையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலை டிக்ரியோடு நிலம் பிரிந்துவிடாது. ஃபைனல் டிக்ரி மனு, நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரின் அளவீடு, பிறகு டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் ஈ.பி. என்று இழுக்கும். அதுவரை போயிருக்கிறாரா பாருங்கள்.

முடிந்த கேஸ்களில் 'டிஸ்மிஸ்டு ஃபார் டீஃபால்ட்' அடிக்கடி வந்தால் உஷார்: விசாரணைக்கு வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை. அதற்காக எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கட்சிக்காரர் கைவிட்டதும், வெளியே பேசி முடித்ததும் இதே தலைப்பில்தான் கிடக்கும். கேஸை மீட்க 30 நாளுக்குள் மனு போட்டாரா என்பதில்தான் வக்கீல் தெரிவார்.

ஆத்திரம் வருவது பெயரில். எண் ஏறாத பழைய கேஸ்களைப் பெயரால்தான் தேட வேண்டும். செந்தில்குமார் ஒரு ஃபைலில் ஒரே சொல், இன்னொன்றில் இரண்டு. இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல். ஒவ்வொரு வளாகத்துக்கும் முதலிலிருந்து, ஒவ்வொரு முறையும் கேப்சாவோடு! கட்சிக்காரர் வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் நான்கு பேர் கையெழுத்திட்டிருந்தாலும் பதிவில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியிருக்கலாம். அதனால் பட்டியல் குட்டையாக இருந்தால் ஆள் சரியில்லை என்று ஆகாது. நீதிமன்றம் 'சீனியர் அட்வகேட்' என்று அந்தஸ்து கொடுத்தவர் வக்காலத்தே போட முடியாது. உயர் நீதிமன்றம், நுகர்வோர் ஆணையம், கடன் மீட்புத் தீர்ப்பாயம் எல்லாம் வேறு வேறு தேடல்.

இந்தத் தேடல் காசில்லாமல் கிடைக்கிறது, எந்த வக்கீலின் அறிமுகப் பக்கமும் இவ்வளவு உண்மை பேசாது. ஆனாலும் இதற்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். ஒரு புள்ளி விட்டுப்போனால் பத்து வருட வேலையே காணாமல் போகிறது என்றால் அதற்கு மேல் மனசு வரவில்லை. அவரிடமே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.