கொல்லிமலையில் ஃபைபர் இணையம்: வேகம் இருக்கட்டும், லைன் பார்க்கும் ஆள் எங்கே?

மலையில் ஃபைபர் இணைப்பு எப்படி என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான். அதை ஒரே வரியில் முடித்துவிடலாம்: இணைப்பு இருக்கும் நாளில் நாமக்கல்லில் கிடைக்கும் வேகம் இங்கும் கிடைக்கிறது. 2021 கடைசியில் செம்மேட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் வீட்டுக்கு இணைப்பு வாங்கினேன். என் புகாரெல்லாம் இணைப்பு இல்லாத நாட்களைப் பற்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் கூட்டம் ஏறும்போது செல்போன் கோபுரங்கள் திணறிப்போகும். யூபிஐயில் பணம் போகாமல் அன்னாசிப்பழம் விற்பவர்கள் சில்லறைக்கு அலைவார்கள். அந்த நாட்களிலும் வீட்டு வைஃபை அசைவதில்லை. இடிக்கும் இது தேவலாம். செம்புக்கம்பித் தொலைபேசி இருந்த காலத்தில் ஐப்பசி இடிக்கு மோடம் கருகுவது வாடிக்கை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. (அடாப்டர் வழியாக இடி வரத்தான் செய்யும். மழை கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.)

நடுவழியில் மின்சாரம் தேவைப்படாததும் மலைக்குத் தோதான விஷயம். கம்பத்தில் தொங்கும் சிறிய பெட்டி ஒன்று, ஓர் இழையில் வரும் ஒளியை 32 வீடுகள் வரை பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் இரண்டு முனைகளிலும் மின்சாரம் வேண்டும். வீட்டு மோடம் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதற்கென விற்கும் குட்டி யூபிஎஸ் போதும். மறுமுனையில் நிறுவனத்தின் பெட்டிக்கு இருக்கும் பேட்டரி பழசாகிவிட்டது. மரம் விழுந்து கரண்ட் போனால் சற்று நேரத்தில் அது உயிரை விடும். அப்புறம் என் யூபிஎஸ் விளக்கு மட்டும் வீணாக எரிந்துகொண்டிருக்கும். புகார் எண்ணில் பேசுபவர், "மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் ஐயா" என்பார். கேபிள் பலாமரக் கிளையோடு ரோட்டில் கிடந்த நாளிலும் இதைத்தான் சொன்னார்.

கேபிள் அறுந்தால் கதை வேறு. ஒட்டுவதற்கான ஸ்ப்ளைசிங் இயந்திரம் கீழே இருந்து வரவேண்டும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி. மழையில் யாரும் ஏறமாட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போயின. அப்புறம் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலையைக் கற்றுக்கொண்டு, இயந்திரத்தையும் மேலேயே வைத்துக்கொண்டார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் குடையை விரித்து அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, இழையின் முனையை நேராக வெட்டுகிறார். தடிமன் 0.125 மில்லிமீட்டர்தான். இரண்டு முனைகளும் இயந்திரத்தின் சிறு திரையில் பூதாகரமாகத் தெரிகின்றன. தூசி இருந்தால் முதலிலிருந்து துடைக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு மின்பொறி, சில நொடிகளில் கண்ணாடி உருகி ஒட்டிவிடுகிறது. அவர் வந்த பிறகு, வாரக்கணக்கில் கிடந்த அறுப்புகள் மழை விட்ட மறுநாளே சரியாகின்றன. எனக்கு நிறுவனம் செய்துதந்த எந்த வசதியைவிடவும் இது பெரியது.

இணைப்பு வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். முதல் நாளே குறித்துவையுங்கள். என்னுடையது மைனஸ் 19-இல் தொடங்கியது. ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்று அர்த்தம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை மைனஸ் 25-க்கு இறங்கியது. அறுப்பு ஏதும் இல்லை. கூரைக் கம்பியில் வயரைக் குரங்கு இழுத்து மடக்கிவிட்டிருந்தது. வளைவை நிமிர்த்தியதும் எண் ஏறிவிட்டது.

அரசுத் திட்டங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் தேசியத் திட்டத்துக்கு 2011-இலேயே ஒப்புதல் கிடைத்தது. பாரத்நெட் என்ற பெயர் பிறகு வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. 2023-இல் திருத்திய பாரத்நெட்டுக்கு ஒதுக்கிய 1,39,579 கோடி ரூபாயைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு: கேபிளை நேர்கோடாக இழுக்காமல் வளையமாகப் போடுவது, போட்டவரே 10 ஆண்டுகள் பராமரிப்பது. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடலாம். எங்களுக்கு இருப்பது ஒற்றைப் பாதை, அறுந்தால் அறுந்ததுதான்.

செயற்கைக்கோள் இணையம் வந்தால் மாறுவீர்களா என்று கேட்கிறார்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய வகையில் நாம் பேசியதற்குப் பதில் அரை நொடிக்கும் மேல் பிந்திவரும், அது வேண்டாம். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. கேபிள் அறுப்பு என்ற தொல்லையே அதில் கிடையாது. ஆனால் வீட்டில் வைக்கும் டிஷ் தட்டு பழுதானால் யார் மலையேறி வருவார் என்பதை அவர்களிடமும் கேட்பேன்.

இந்த முறை ஆண்டுச் சந்தா கட்டப்போவதில்லை. மாதாமாதம்தான். மறுமுனைப் பேட்டரியை மாற்றட்டும், பிறகு பார்க்கலாம்.