என்எஸ்-3: வாவியைக் கடக்கும் வைஃபைக்கு இதை எவ்வளவு நம்பலாம்?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்து (கிழக்குக் கரை) படுவான்கரைக்கு (மேற்குக் கரை) வைஃபை இணைப்புக் கொடுக்கலாமா என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்எஸ்-3 என்பது நெட்வொர்க்கைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்; இலவசம், மூலநிரல் திறந்தே கிடக்கிறது, உபுண்டுவில் நன்றாக ஓடும். எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். ஆனால் நேரில் அளந்து பார்க்காமல் அது தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதில் வைஃபை அலை போகும் வழியைக் குறிக்கும் யான்ஸ் வைஃபை சேனலை டிஃபால்ட்டாக விட்டால் உள்ளே இருப்பது லாக் டிஸ்டன்ஸ் மாதிரி, அதாவது தூரத்தோடு சிக்னல் எவ்வளவு இழக்கும் என்று சொல்லும் சூத்திரம். அதன் அடுக்கு (தூரம் கூடக்கூட இழப்பு எவ்வளவு வேகமாகக் கூடும் என்ற எண்) 3, முதல் மீட்டர் இழப்பு 46.68 டெசிபெல். அந்த 46.68 என்பது 5.15 கிகாஹெர்ட்ஸுக்கான கணக்கு; நீங்கள் 2.4இல் ஓட்டினாலும் அதேதான் நிற்கும், உண்மையில் 40 அளவில் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் அந்த அடுக்கு. 1 கிலோமீட்டரில் இழப்பு 136.7 என்று வரும், வெட்டவெளிக்கான ஃபிரிஸ் சூத்திரமோ 106.7 என்கிறது. 30 டெசிபெல் என்றால் ஆயிரம் மடங்கு! சிமுலேஷன் இணைப்பே வராது என்று சொன்ன இடத்தில், இரு கரையிலும் டிஷ்ஷை நேருக்கு நேர் நிறுத்தி அளந்தால் ஃபிரிஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, நடுவில் மறைக்க ஒன்றும் இல்லையே. அதே மாதிரியை டவுனுக்குள், மதிலும் தென்னையும் நிறைந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனால் தலைகீழ்: சிமுலேஷனில் நல்ல சிக்னல், கையில் ஒன்றுமில்லை.

சரி, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலைக்கு டூ ரே கிரவுண்ட் என்ற இன்னொரு மாதிரி இருக்கிறதே என்பார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு எல்லைத் தூரம் வரை அதுவும் வெறும் ஃபிரிஸ்தான். இரு பக்கமும் 6 மீட்டர் உயரம், 5.15 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர், வாவியின் குறுக்கே நாம் போடுகிற இணைப்பெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதனால் நேரலையும் தெறித்த அலையும் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளங்கள் அதில் தெரியவே தெரியாது. நிஜத்தில் மாரியில் வாவி ஏறும், முகத்துவாரம் வெட்டினால் இறங்கும். மேலே சொன்ன உயரத்தில், 1 கிலோமீட்டர் இணைப்புக்கு நீர் வெறும் 60 சென்டிமீட்டர் ஏறினாலே கணக்குப்படி நேராகப் பள்ளத்துக்குள் விழுந்துவிடுவோம். கோடையில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அப்போ எதற்குத்தான் இது? பல கருவிகள் ஒரே சேனலுக்குப் போட்டி போடுவது, ஒன்றையொன்று கேட்காத இரண்டு நிலையங்கள் மோதிக்கொள்வது, இதையெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகக் காட்டுவதில் என்எஸ்-3 அருமை. அதற்கு மேட்ரிக்ஸ் என்ற இழப்பு மாதிரியை எடுங்கள், நீங்கள் அளந்த இழப்பை இணைப்புக்கு இணைப்பு அப்படியே கொடுக்கலாம். அளக்கும்போது எல்லா இடத்துக்கும் ஒரே கருவியைக் கொண்டுபோங்கள், போனுக்குப் போன் அளவு மாறும்.