பத்தாண்டுக் காரும் நான்காண்டுப் பேருந்தும்: செக்கானூரணியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

2012இல் பதிவான ஒரு சிறிய காரை 2015இல் பழைய வண்டியாக வாங்கினேன். செக்கானூரணியில் வீடு, மதுரையில் வேலை, முழங்கால் வலியுள்ள அம்மா, வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் மனைவி என்றிருந்த எங்கள் குடும்பத்துக்கு, பேருந்துக்குக் காத்து நிற்கும் தொல்லை ஒழிந்தது என்றே அப்போது நினைத்தேன். பத்து ஆண்டுகள் ஓட்டிய பிறகு இப்போது தெரிகிறது, அந்தக் கார் தந்த சுதந்திரத்தில் பெரும்பங்கு சாவி வைத்திருந்த எனக்கே வந்து சேர்ந்தது.

வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லைனிங் துணி, ஜிப், நூல்கண்டு வாங்க மனைவி மாதம் இருமுறையாவது மதுரையில் துணிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் போக வேண்டியிருக்கும். கார் வந்தபின் அந்தப் பயணம் என் விடுமுறை நாளுக்கும் என் மனநிலைக்கும் கட்டுப்பட்டதாயிற்று. மாசி வீதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளுக்குள் காரைக் கொண்டுபோகவே முடியாது. வடக்கு ஆவணி மூல வீதியில் பன்னடுக்கு வாகன நிறுத்தம் வருவதற்கு முன்பெல்லாம் ஏதாவதொரு சந்து முனையில் காருக்குள்ளேயே காவல் உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிஞ்சதா?" என்று கைபேசியில் கேட்பேன். அந்த அவசரத்தில் நிறம் பொருந்தாத துணியை வாங்கி வந்து, மறுவாரம் மாற்றப் போன நாள்களும் உண்டு.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்ற அளவில்தான் நான் அதைக் கணக்கிட்டேன். நடந்தது வேறு. எங்கள் ஊர் தேனி சாலையில் இருப்பதால் மதுரைக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. மனைவி என்னிடம் கேட்பதை மெல்ல நிறுத்தினார். "போயிட்டு வர்றேன்" என்ற தகவல் மட்டும் மிஞ்சியது. டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் பயணத்தை நடுவில் முறிப்பதற்கும் அவர் அஞ்சுவதில்லை: நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி ஒருவருக்கு அளவெடுத்துவிட்டு, அடுத்த வண்டியில் ஏறி நகருக்குப் போவார். முன்பென்றால் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். குறையும் இருக்கிறது. உசிலம்பட்டி, தேனி செல்லும் புறநகர்ப் பேருந்துகளுக்கு இச்சலுகை பொருந்தாததால், காலியாக வரும் வண்டியை விட்டுவிட்டு நெரிசலான நகரப் பேருந்துக்காக நிற்க வேண்டியிருக்கிறது.

அவரைப் பார்த்துத்தான் நானும் 2022 முதல் வேலைக்குப் பேருந்தில் போகத் தொடங்கினேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காளவாசலில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலித்த நேரத்தில் இப்போது தூங்குகிறேன், அவ்வளவுதான். அக்காள் இருக்கும் போடிக்கு மதுரையிலிருந்து ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது கூடுதல் வசதி. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற அந்த வழித்தடம், 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூனில் போடி வரையிலும் திறக்கப்பட்டது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை அக்காளும் நானும் அல்ல, ரயில்தான் முடிவுசெய்கிறது.

காரின் அருமையை மறுக்கும் நன்றிகெட்டவன் அல்லன் நான். ஒருநாள் பின்னிரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது, எந்தப் பேருந்தைப் பற்றியும் நினைக்காமல் அவரைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து மதுரைக்கு விரைந்தேன். பேருந்தின் உயரமான படிகளில் அவரால் ஏற முடியாது; அவரைப் பொறுத்தவரை இந்தப் போக்குவரத்து வசதி முழுவதும் இல்லாததற்குச் சமம். மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலுக்குப் போகும்போது பானை, அரிசி, விறகு, குழந்தைகள் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பூசை முடியும் நேரம் நள்ளிரவானாலும் கவலையின்றித் திரும்ப முடிவதும் காரால்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மட்டும் காருக்கும் பேருந்துக்கும் வேறுபாடில்லை. வைகையைக் கடக்க நடைதான்.

இப்போது கார் மாதத்தில் நான்கைந்து நாள்கள் ஓடுகிறது. காப்பீடும் பேட்டரியும் மட்டும் அது ஓடாத நாள்களுக்கும் சேர்த்துச் செலவு வைக்கின்றன. அதன் 15 ஆண்டுப் பதிவு 2027இல் முடிவதால், தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பதா, விற்றுவிட்டு அம்மாவுக்கு வேண்டும்போது வாடகைக் கார் பிடிப்பதா என்று சென்ற வாரம் மனைவியிடம் கேட்டேன். "அது உங்க வண்டி, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டார்.