வெளிநாட்டுப் பணிக் கொடுப்பனவு: எந்த நாடு எதற்கு வரி விடுகிறது?

வெளிநாட்டில் வேலை செய்யும் அரச ஊழியருக்கு வரியே இல்லை என்று இங்கே பலர் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்தில் இருப்பதால் உதாரணம் காட்ட ஆளும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அந்தக் கதை பாதிதான் சரி. சம்பளத்துக்கு வரி உண்டு, சொந்த நாட்டில். விலக்கு கொடுப்பனவுக்குத்தான், அதுவும் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி. லண்டன், டொரன்டோ, வாஷிங்டன் என்று அரச வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் இன்னொரு நாட்டுக்கு மாற்றலாகும்போது இதையேதான் கேட்கிறார்கள். கையில் அதிகம் மிஞ்சுவது இந்திய முறையில். எழுதப்பட்ட விதத்தில் எனக்குப் பிடித்தது பிரித்தானியாவினுடையது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இந்தியா. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். இந்தியக் குடிமகனுக்கு வெளிநாட்டுப் பணிக்காக இந்திய அரசு தரும் சம்பளம் இந்தியாவிலேயே உண்டான வருமானமாகக் கொள்ளப்படும் என்கிறது 9(1)ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. ஆள் வருடம் முழுக்க யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் சம்பளம் டெல்லியின் வலைக்குள்தான். அப்புறம் 10(7) வருகிறது: அதே ஆளுக்கு, அதே பணிக்காக, வெளிநாட்டில் அரசு கொடுக்கும் கொடுப்பனவுகளும் சலுகைகளும் வருமானக் கணக்கில் சேராது. இத்தனை ரூபாய் வரை என்ற உச்சவரம்பு இல்லை. விகிதம் குறைந்த, ஆனால் பல விலக்குகள் இல்லாத புதிய வரி முறையைத் தேர்ந்தாலும் இந்த விலக்கு போகாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு இலக்கங்கள் மாறுகின்றன. பேச்சில் இன்னும் பல காலத்துக்கு '10(7)' என்றுதான் ஓடும்.

இது சலுகையாகத் தெரிகிறது, ஆனால் அரசுக்கும் இதில் கணக்கு உண்டு. ஒருவருக்கு மாதம் 2 லட்சம் இந்திய ரூபாய் கொடுப்பனவு கையில் போய்ச் சேர வேண்டும் என்று வையுங்கள். அதற்கு வரி உண்டென்றால், 30 வீதமும், அந்த வரியின் மேல் 4 வீத செஸ் என்ற மேல்வரியும் சேர்ந்து 31.2 வீதம் வெட்டுப்படும்; ஏறக்குறைய 2.9 லட்சம் கொடுத்தால்தான் 2 லட்சம் மிஞ்சும். ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து மறு பைக்குள் போடுகிற வேலை. அதைவிட விலக்கே சுருக்கு வழி.

இனி அந்த இந்திய அதிகாரியை இரண்டு பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து ஒரு தனியார் கொம்பனி எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்கு வருகிறார். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, வரிக் கணக்கில் இந்தியாவில் வதியாதவராகி (அங்கே வசிக்காதவர் என்று கொள்ளப்பட்டு), சம்பளத்தையும் இங்கேயே எடுத்தால் இந்தியா அவரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் இலங்கை விடாது. வீட்டுக் கொடுப்பனவு, பயணக் கொடுப்பனவு எல்லாம் அவருடைய வருமானத்துக்குள் வரும், மேல் விகிதம் 36 வீதம். அவருக்கு 10(7) கிடையாது, ஏனென்றால் காசு கொடுப்பது அரசு அல்ல. அதிகாரியின் சம்பளத்தை இலங்கை தொட முடியாது. 1963ஆம் ஆண்டு வியன்னா துணைத் தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 49ஆவது உறுப்புரை காவல் நிற்கிறது.

மூன்றாவது ஆள் அதே அலுவலகத்தில் உள்ளூரில் எடுக்கப்பட்ட கொக்குவில் பிள்ளை. 71ஆவது உறுப்புரைப்படி, பணிபுரியும் நாட்டின் பிரஜைக்கு அந்த வரி விலக்கு இல்லை. இந்தியக் குடிமகள் அல்லாததால் 10(7)உம் இல்லை. மாதச் சம்பளம் 150,000 ரூபாயைத் தாண்டினால், 2025 ஏப்ரல் முதல் உள்ள அளவுப்படி, 6 வீதத்தில் தொடங்கும் இலங்கை வரி அவர் தலையில். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு சட்டம். எனக்கு இது கொஞ்சம் உறுத்தும், ஆனால் தர்க்கம் புரிகிறது: அந்தப் பிள்ளை வீட்டிலிருந்துதான் வேலைக்கு வருகிறார், இடம் பெயர்ந்த செலவு இல்லை. ஆறுதலுக்கு ஒன்று. விலைக்குள் அடங்கிய மறைமுக வரியை 49ஆவது உறுப்புரை விலக்கவில்லை. அதிகாரியும் காங்கேசன்துறை வீதியில் ஒரு மின்கேத்தல் வாங்கினால், விலைக்குள் இருக்கும் 18 வீத வற் வரியைக் கொடுத்தே எடுப்பார்.

பிரித்தானியா இதே இரண்டு படிகளில்தான் நடக்கிறது. முடியரசின் கீழ் வேலை செய்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் சம்பளம் பிரித்தானிய வரிக்குள். பிறகு 2003ஆம் ஆண்டு வருமான வரி (உழைப்பூதியம், ஓய்வூதியம்) சட்டத்தின் 299ஆம் பிரிவு வெளிநாட்டுப் பணிக் கொடுப்பனவை விடுவிக்கிறது. வித்தியாசம் நிபந்தனையில். பணிக்காக நாட்டுக்கு வெளியே வாழ நேர்வதால் வரும் கூடுதல் செலவுக்கு ஈடாகவே இந்தக் கொடுப்பனவு தரப்படுகிறது என்று சான்று வேண்டும், அதைத் திறைசேரி தர வேண்டும். 40 வீத வரிக்காரருக்கு 1,000 பவுண் கையில் சேர, விலக்கு இல்லாவிட்டால் 1,667 பவுண் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இங்கும் உண்டு. ஆனால் எதற்காக இந்த விலக்கு என்ற காரணம் பிரிவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியப் பிரிவில் அது இல்லை; அரசு கொடுத்ததா, வெளிநாட்டில் கொடுத்ததா என்று மட்டும் பார்க்கிறது. அதனால் இந்திய ஊழியருக்கு நிம்மதி கூட. பொதுப் பணத்துக்குக் காவலாக இருப்பது பிரித்தானிய வாசகம்.

அமெரிக்காதான் இருப்பதிலேயே நுணுக்கம். வெளிநாட்டில் உழைக்கும் சாதாரண அமெரிக்கர் அந்நாட்டு வரிச் சட்டத்தின் 911ஆம் பிரிவின் கீழ் ஒரு பெரிய தொகையை (2025க்கு 130,000 டொலர்) வருமானத்திலிருந்து கழிக்கலாம். அமெரிக்க அரசு தரும் சம்பளத்துக்கு அந்தக் கழிவு இல்லை. அரச ஊழியருக்கு 912ஆம் பிரிவு. வீட்டு வாடகைக் கொடுப்பனவு, விலைவாசிக் கொடுப்பனவு, பிள்ளைகளின் கல்விக் கொடுப்பனவு ஆகியவை வரிக்கு வெளியே. ஆனால் கஷ்டமான ஊருக்குப் போவதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 5 முதல் 35 வீதம் வரை தரும் மேலதிகப் பணமும், ஆபத்துக் கொடுப்பனவும் வரிக்குள். 24 வீத வரிக்காரர் ஒருவருக்கு விலைவாசிக்காக 1,000 டொலர் வந்தால் 1,000 டொலரும் அவருக்கு. கஷ்டத்துக்காக 1,000 டொலர் வந்தால் 760 டொலர்தான்.

முதல் பார்வைக்கு இது மனச்சாட்சி இல்லாத வேலை போலத் தோன்றும். குண்டு வெடிக்கிற ஊரில் இருந்ததற்கான காசில் கை வைக்கிறார்களே! யோசித்தால் சரிதான். வாடகைக் கொடுப்பனவு வாங்கியவர் பணக்காரர் ஆகவில்லை, செலவான காசு திரும்பி வந்திருக்கிறது. கஷ்டத்துக்கான பணம் அந்த ஊருக்குப் போக வைப்பதற்கான ஊக்கம், அது சம்பளம்தான். மாற்றல் கடிதத்தில் 'மொத்தம் இவ்வளவு' என்று பார்த்துச் சந்தோஷப்படும் பிள்ளைக்கு இந்தப் பிரிவினையை முதலிலேயே யாராவது சொல்ல வேண்டும்.

கனடாவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கனடாவை விட்டு வெளியே இருந்த காலத்துக்கு அதன் தூதுவர்களும் அதிகாரிகளும் பெறும் பிரதிநிதித்துவக் கொடுப்பனவு (நாட்டின் சார்பில் விருந்து, உபசாரம் போன்றவற்றுக்குத் தரும் பணம்), ஏனைய விசேட கொடுப்பனவுகள் அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 6(1)(பி) பிரிவில் விலக்கப்படுகின்றன. இது அகலத்தில் இந்தியாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் யார் கனடாவில் வதிபவராகக் கொள்ளப்படுவார் என்று சொல்லும் 250ஆம் பிரிவைத் திருப்புங்கள். நியமனத்துக்குச் சற்று முன்பு கனடாவில் வதிந்த அதிகாரி அதற்குள் வருவார். அப்படி வதியாவிட்டாலும் அந்த வருடத்துக்குப் பிரதிநிதித்துவக் கொடுப்பனவு பெற்றவர் வருவார். அதாவது அந்தக் கொடுப்பனவுக்கு வரி இல்லை, அதை வாங்கியதால் மற்ற வருமானம் எல்லாம் கனடாவின் கணக்குக்குள் போகலாம்.

ஆஸ்திரேலியா கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறது. வெளிநாட்டு உழைப்புக்கு அந்நாட்டு வரிச் சட்டத்தின் 23ஏஜி பிரிவு தந்த விலக்கு, 2009 ஜூலை 1இல் சில வகை வேலைகளுக்கு மட்டும் என்று குறுக்கப்பட்டது. உதவித் திட்டங்களுக்காக வெளியே அனுப்பப்படும் அரச ஊழியரிடமிருந்து 2016 ஜூலை 1இல் அதுவும் எடுக்கப்பட்டது.

நம் நாட்டு அதிகாரி டெல்லிக்கோ ஜெனீவாவுக்கோ போனால்? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட அரச ஊழியரை இலங்கையில் வதிபவராகவே வைக்கிறது, வாழ்க்கைத் துணையையும் சேர்த்து. 5ஆம் பிரிவு வாழ்க்கைச் செலவு, வாடகை, பயணம் என்று கொடுப்பனவுகளைப் பெயர் சொல்லி ஊழிய வருமானத்துக்குள் இழுக்கிறது. ஆகவே விலக்கு கேட்பவர் தன் கொடுப்பனவுக்குப் பொருந்தும் வாசகத்தை, விலக்குகளைப் பட்டியலிடும் மூன்றாம் அட்டவணையில் காட்ட வேண்டும். 2011 ஏப்ரலுக்கு முன்பு அரச ஊழியரின் சம்பளத்துக்கே வரி இருக்கவில்லை. அந்தக் காலத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மாமாவிடம் ஆலோசனை கேட்டால் 'அதுக்கெல்லாம் வரி இல்லைத் தம்பி' என்றுதான் சொல்லுவார். அவர் காலத்துக்கு அது சரியான பதில். இப்போது போகிறவர் கணக்குப் பிரிவில், சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு கொடுப்பனவையும் தனித் தனி வரியில், என்ன பெயரில், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டு விமானம் ஏற வேண்டும்.