மூக்கு முடிவதற்குள் திரும்பிவிட்டார்

ஞாயிறு காலை அடையாறில் ஓர் ஓவியர் குழு நடத்தும் உருவ வரைதலுக்கு, அதாவது ஆளை நேரில் பார்த்து வரையும் பயிற்சிக்குப் போனேன். கட்டணம் 300 ரூபாய். கரித்துண்டும் தாளும் நம்முடையது. மாடல், லுங்கி கட்டிய ஒரு பெரியவர். முதலில் 1 நிமிட நிலைகள் (போஸ்) பத்து. நான் மூக்கை முடிப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார்! பக்கத்திலிருந்த அக்கா, "முகத்தை விடுங்க தம்பி, முதுகு வளையிற போக்கை ஒரே கோடா இழுங்க" என்றார். அப்புறம்தான் கை ஓடியது.

கடைசி நிலை 20 நிமிடம். தலையை அளவுகோலாக வைத்து அளந்தும், ஏழரைத் தலை உயரம் வரவேண்டிய மனிதர் என் தாளில் ஐந்தில் நின்றார், பிள்ளையார் மாதிரி. இரண்டு பக்கமும் டியூப்லைட் எரிந்ததால் நிழலே சரியாக விழவில்லை. அது பெரிய குறை. டீ சுமார். அடுத்த மாதமும் போவேன், ரப்பர் இல்லாமல்.