மட்டக்களப்புப் புகையிரத நிலையம்: விடுமுறையில் வரும் ரயில் பிரியர்களுக்கு ஒரு மதிப்புரை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்களில் ரயிலும் பஸ்ஸும் பார்ப்பதில் பித்துக்கொண்ட ஒரு சிறு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்துக்காகவே இதை எழுதுகிறேன். பாசிக்குடாக் கடலையும் கல்லடிப் பாலத்தையும் உறவினர்கள் எப்படியும் காட்டிவிடுவார்கள். மட்டக்களப்புப் புகையிரத நிலையத்துக்கு அழைத்துப் போக யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் கொழும்புக்குப் பயணம் இருக்கிற நாளில் மட்டுமே அது அவர்களுக்கு நினைவுக்கு வரும். அங்கே ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் செலவிடலாம் என்பதே என் தீர்ப்பு. ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி கடந்தது என்று எண்ணியே பழகியவர்களுக்கு மட்டும் இந்த நிலையம் ஏமாற்றமாக இருக்கும்.

நான் வசிப்பது டொரொண்டோவின் ஸ்காபரோவில். அங்கே ரூஜ் ஹில் நிலையத்து மேடையில் நின்றால், ஒன்டாரியோ ஏரியின் கரையோரமாகவே புறநகர் ரயில்களை ஓட்டும் கோ நிறுவனத்தின் பச்சை வெள்ளை இரட்டைத் தட்டுப் பெட்டிகளும், மொன்ட்ரியலுக்கும் ஒட்டாவாவுக்கும் விரைகிற வியா என்னும் தொலைதூரப் பயணிகள் வண்டிகளும் கடந்துகொண்டே இருக்கும். வண்டிக்குக் குறைவில்லை, ஆனால் வண்டியை ஓடவைக்கும் வேலை எதுவும் கண்ணில் படாது. கோ வண்டியின் ஒரு முனையில் எஞ்சினும் மறு முனையில் சாரதி அறையோடு கூடிய பெட்டியும் இருப்பதால், கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்பவோ எஞ்சினைக் கழற்றவோ தேவையில்லை. சாரதி முனை மாறினால் வண்டி வந்த வழியே திரும்பிவிடும். மட்டக்களப்பு இதற்கு நேர்மாறானது. 1928இல் இங்கு வந்து சேர்ந்த அகலப் பாதை இதற்கப்பால் தெற்கே நீளவில்லை. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது, தண்டவாளம் மட்டும் இல்லை. ஆகவே எஞ்சின் இழுத்து வருகிற ஒவ்வொரு வண்டியும் இங்கே நின்று, எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து மறு முனையில் பூட்டிய பிறகே திரும்ப முடியும். ரயில் பிரியர் பார்க்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

வண்டி வந்து பயணிகள் பைகளோடும் பெட்டிகளோடும் இறங்கிப் போனதும், மேடை வெறிச்சோடியதென்று நினைத்துப் புறப்பட்டுவிடாதீர்கள். எஞ்சினுக்கும் முதற்பெட்டிக்கும் இடையே ஓர் ஊழியர் குனிந்து இறங்கி, நிறுத்திக் (பிரேக்) குழாயைப் பிரித்து, இரண்டையும் இணைத்திருக்கும் திருகுக் கொழுவியைச் சுற்றித் தளர்த்திக் கொக்கியிலிருந்து தூக்கிவிடுவார். கனடாவில் பெட்டிகள் மோதியவுடன் தாமாகவே கொழுவிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த என் மகனுக்கு, மனிதக் கைகளால் ஒரு வண்டியைப் பூட்டிக் கழற்றுவது நம்ப முடியாத காட்சியாக இருந்தது. பிறகு எஞ்சின் தனியே முன்னால் நகர, பாதை மாற்றப்பட, அது பின்னோக்கி ஊர்ந்து முழு வண்டியையும் கடந்து மறு பக்கம் போய்ச் சேரும். யாரும் அவசரப்படுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் மேடையில் இருந்தபடியே நிதானமாகப் பார்க்கலாம்.

இனி எஞ்சின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளட்டும், ஏனென்றால் இலங்கை ரயிலின் பழைய டீசல் எஞ்சின்களில் இரண்டு வகைகள் நம் வீட்டுப் பக்கத்தில் செய்யப்பட்டவை. எம் 2 வகை எஞ்சின்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் உருவாகி, பொதுநலவாய நாடுகள் தொடங்கிய உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியாக 1954 தொடக்கம் இங்கு வந்தவை. அதனால்தான் 569ஆம் எஞ்சினுக்கு ஒன்டாரியோ என்றும் 570ஆம் எஞ்சினுக்கு அல்பேர்ட்டா என்றும் பெயர். 2004 டிசம்பரில் பெரலியவில் கடற்கோள் அடித்துச் சென்ற வண்டியை இழுத்துச் சென்றது 591ஆம் எஞ்சினான மனிற்றோபா. அதையும் மீட்டுத் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். எம் 4 வகையோ மொன்ட்ரியல் லோக்கோமோட்டிவ் வேர்க்ஸ் 1975இல் கட்டியது. மொன்ட்ரியல் தொழிற்சாலையில் எஞ்சின் கட்டுவது 1985இல் நின்றுபோனது, லண்டன் தொழிற்சாலை 2012இல் மூடப்பட்டது. தம்மைப் பெற்ற பட்டறைகள் போய்விட்ட பின்னும் இந்த எஞ்சின்கள் இங்கே பயணிகளை இழுத்துக்கொண்டிருக்கின்றன. டொரொண்டோவிலிருந்து வன்கூவர் போகிற கனேடியன் வண்டியின் எவர்சில்வர்ப் பெட்டிகளும் 1954, 1955 ஆண்டுகளுக்குரியவைதாம். ஆனால் அதில் படுக்கைக்குக் கொடுக்கிற பணத்தில் இங்கே மூன்றாம் வகுப்பில் எத்தனை தடவை போய்வரலாம் என்று மாமா கணக்குப் போட்டுச் சொன்னார்.

இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே பிரித்தறியலாம். எம் 2வின் உள்ளே இருப்பது பன்னிரண்டு உருளை கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காற்றைத் தள்ளும் ஊதியின் இரைச்சலோடு சேர்ந்து, ஒரே சீரான, அடித்தொண்டையில் எழும் முழக்கமாக அது கேட்கும். எம் 4இன் ஓசை வேறு. அமெரிக்காவின் அல்கோ நிறுவன வழிவந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் அது. நின்ற இடத்தில் அது துடிப்பது, இரண்டு பேர் ஓர் உரலில் மாறி மாறி உலக்கை போடுவதைப் போல ஒலிக்கும். புறப்படும்போது சாரதி விசையைக் கூட்டினால் எரிபொருள் முந்திக்கொண்டு பாய, டர்போ சுழன்று போதிய காற்றைக் கொடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் கரும்புகை குபுகுபுவென்று எழுகிறது. சுற்றாடலுக்கு அது நல்லதல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் இரசித்தேன். மேற்கு ஜேர்மனியில் 1979இல் கட்டிய எம் 6, இந்தியாவின் வாரணாசியில் கட்டிய எம் 10 ஆகியவையும் இலங்கை ரயிலில் உண்டு. இன்ன நாளில் இன்ன எஞ்சின் வரும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. எஞ்சின் ஒதுக்கீடு அன்றன்றைய நிலைமையைப் பொறுத்தது. பெயர்ப்பலகை தாங்கிய ஓர் எம் 2வைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து வருகிறவர் வெறுங்கையோடு திரும்பலாம்.

டீசல் எஞ்சினுக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது டேப்லட் முறை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் வட்டத் தகடுகள் வைக்கப்பட்ட ஒரு சோடி இயந்திரங்கள் உண்டு. இரு முனையிலும் உள்ளவர்கள் மின்குறி கொடுத்து இணங்கினால்தான் ஒரு தகடு வெளியே வரும், அது திரும்ப உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. அந்தத் தகட்டை வளையம் பொருத்திய தோற்பையில் இட்டுச் சாரதியிடம் கொடுப்பார்கள். கையில் தகடு இல்லாத சாரதிக்கு அந்தப் பாதையில் நுழையும் உரிமை இல்லை. பிரித்தானியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய இந்த முறையை, வட அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மென்பொருள் எழுதி வாழ்கிற நான் இதைப் பார்க்கும் போதெல்லாம், ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரிமை என்ற விதியை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது என்று நினைத்துக்கொள்வேன்.

குறைகளையும் சொல்லாவிட்டால் இது மதிப்புரை ஆகாது. வண்டிகள் மிகக் குறைவு. உதயதேவி, புலதிசி, இரவில் ஓடும் மீனகயா என்று பெயர் தெரிந்த வண்டிகளோடு சில சிறு சேவைகளும் எரிபொருள் வண்டியும் சேர்ந்தாலும், ஒரு நாளின் பெரும்பகுதி மேடையில் வெயிலும் காகமும்தான் இருக்கும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மாகோவில் கிழக்கே திரும்பி, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையைப் பிரிந்து வருகிற வழியெல்லாம் ஒற்றைப் பாதை என்பதால், எங்கோ ஒரு வண்டி சுணங்கினால் அந்தச் சுணக்கம் கடைசி நிலையம்வரை வந்து சேரும். இதற்கு மேலாக யானைகள். 2024 ஒக்டோபரில் கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்த எரிபொருள் வண்டி மின்னேரியாப் பக்கத்தில் மோதி இரண்டு யானைகளும், 2025 பெப்ரவரியில் மீனகயா ஹபரணைக்கு அருகே கூட்டமொன்றில் மோதி ஆறு யானைகளும் இறந்தன. இரண்டு தடவையும் வண்டி தடம் புரண்டது. அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதால் பயணம் நீளுகிறது என்றால், அந்தச் சுணக்கத்தைக் குறையாக எழுத எனக்கு மனமில்லை. நேர அட்டவணை மாறுவதுண்டு என்பதால் முதல் நாளே நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பயணம் செய்யாதவர்கள் மேடைச் சீட்டு எடுக்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன் நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீண்ட வில்லை பூட்டிய கமராவோடு எரிபொருள் தாங்கிகளின் பக்கம் குறிபார்த்து நிற்கிறவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், அதிலும் போர்க்காலத்தில் வண்டியே வராதிருந்த ஆண்டுகளைக் கண்ட ஊர் இது. தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுக்கும் பழக்கம் நம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறவினர்களைப் பொறுத்தவரை, விளக்கம் சொல்லிப் பயனில்லை. "கோச்சி பாக்கத்தானா மனே கனடாவில இருந்து வந்த நீ?" என்று மாமி கேட்டார், ஆமென்றேன். அடுத்த நாள் இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு அவரும் கூட வந்துவிட்டார், இருக்கையில் இருந்து கச்சான் கொறித்தபடி, எந்த எஞ்சினுக்கு எந்தப் பெயர் என்று என் மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பஸ் பிரியர்களுக்கு நகரின் பஸ் நிலையம் போதும், நெடுநேரம் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்துக்குள் ரயில் இல்லை என்பதால் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே போகிற கூட்டம் முழுவதும் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் இங்கே மட்டும் ரூஜ் ஹில்லைப் போல ஓயாத வரவு உண்டு. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் கம்பனிகளை அரசுடைமையாக்கித் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்களில் பெரும்பான்மை லங்கா அசோக் லேலண்ட். பக்கத்தில் எழுதியுள்ள டிப்போவின் பெயரைக் குறித்துக்கொண்டே வந்தால் கிழக்கின் வரைபடம் ஒன்று கையில் கிடைத்துவிடும். தனியார் பஸ்களின் வண்ண விளக்குகளும் முன்கண்ணாடிச் சாமிப் படங்களும் வேறோர் உலகம். எனக்கு அது அலுத்துவிட்டது, என் மகனுக்கு அலுக்கவில்லை. இங்கிலாந்தின் லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் நகரில் ஓடி ஓய்ந்த இரட்டைத் தட்டு ஆர்.டி. வகை பஸ்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை மட்டக்களப்பில் தேடி அலைய வேண்டாம்.

ரயிலையும் பஸ்ஸையும் ஒரே பயணத்தில் இணைக்க விரும்புகிறவர்கள், பகல் வண்டியில் மன்னம்பிட்டியைக் கடந்து பொலன்னறுவைவரை போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்புவதே என் தெரிவு. பொலன்னறுவை நிலையம் கதுருவெலையில்தான் இருக்கிறது, இறங்கினால் பஸ்ஸுக்கு அலைய வேண்டியதில்லை. மகாவலியின் மேலுள்ள மன்னம்பிட்டிப் பழைய இரும்புப் பாலத்தில் முன்பு ரயிலும் வாகனங்களும் ஒரே பாதையை மாறி மாறிப் பயன்படுத்தின. 2007இல் ஜப்பானிய உதவியோடு வீதிக்கென்று தனிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பழையது முழுவதும் ரயிலுக்கே உரியதாயிற்று. ஆகையால் போகும்போது பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு ஊடாக ஆற்றையும், திரும்பும்போது புதிய பாலத்திலிருந்து பழைய பாலத்தையும் பார்க்கலாம். இரவு வண்டியில் இவை எதுவும் தெரியாது. தூங்கிக்கொண்டு கொழும்பு போய்ச் சேர வேண்டியவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.